இடது கையால் அப்பா தண்ணீர் அடித்த கோடை

நம் வயதில் தோள்பட்டை பிடித்துக்கொள்ளாதவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். தூக்க முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். எழுந்துபோய் உங்கள் வேலையைப் பார்க்கலாம். மற்றவர்கள் என்னோடு சற்று நேரம் உட்காருங்கள்.

போன தை மாதம் என் வலது தோளில் தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆனது. கழுத்தில் மாட்டிய பட்டையில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பிசியோதெரபிக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அவள் ஒரு ரப்பர் பட்டையைக் கொண்டுவந்து என் இடது கையில் கொடுத்து இழுக்கச் சொன்னாள்.

"நோவு இந்தக் கையில இருக்குது கண்ணு. நீ அந்தக் கையைப் போயி இழுக்கச் சொல்றியே?"

"நல்லா இருக்கிற கையை வேலை வாங்குனா முடியாத கைக்கும் கொஞ்சம் பலம் போய்ச் சேருமுங்க ஆன்ட்டி. ரெண்டு கைக்கும் உத்தரவு போடுறது ஒரே மூளைதானுங்களே."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டிலில் முழங்காலுக்கு மின்சாரம் வைத்துக்கொண்டு படுத்திருந்த பெரியவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிப்போனது. "பொய் இல்லீங்க ஆன்ட்டி, நிஜமாத்தான் சொல்றேன்" என்றாள்.

"நான் உன்னைப் பார்த்துச் சிரிக்கலை சாமி. இதே காரியத்தைப் பண்ணுனதுக்குத்தான் எங்கம்மா எங்கப்பாவை ஒரு கோடை முச்சூடும் வைஞ்சு தீர்த்தாங்க" என்றேன்.

அவளுக்குச் சொல்ல நேரமில்லை. அடுத்தவர் காத்திருந்தார். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

நாங்கள் இருந்தது நாமக்கல்லுக்கு வெளியே, திருச்செங்கோட்டு ரோட்டை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில். அப்பா லாரி ஓட்டினார். வடக்கு லைன். நாக்பூர், கான்பூர், சில சமயம் அதற்கும் மேலே. போனால் திரும்பி வருவதற்குள் என் பள்ளிக்கூடத்தில் ஒரு பரீட்சை வந்து போயிருக்கும். வந்தால் ஒரு பகல் முழுக்கத் தூங்குவார். ஒரு பகல் டயர், பிரேக் என்று ஒர்க்ஷாப்பில் நிற்பார். மறுநாள் விடிவதற்குள் போயிருப்பார். கூடத்தில் அவர் தலைவைத்த இடத்தில் டீசலும் தேங்காய் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை மட்டும் மிச்சம் இருக்கும். எனக்கு அப்போது பத்து வயது. அப்பா என்றால் அந்த வாசனையும், நாக்பூர் ஆரஞ்சும், தெருமுனையிலிருந்து அவர் அடிக்கும் ஏர்ஹாரனும்தான். அவருக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அந்த வருடம் முழுப்பரீட்சை லீவு விட்ட வாரத்தில் அப்பா வந்திருந்தார். தூக்கம் முடிந்து எழுந்தவரிடம் அம்மா சொன்னாள்: "ஏனுங்க, சமையல்கட்டு மேல ரெண்டு ஓடு ஒடைஞ்சு கெடக்குது. மழை புடிக்கிறதுக்குள்ள மாத்திப் போட்டுட்டுப் போங்க."

அப்பா ஏணியில் ஏறினார். நான் கீழே நின்று நுங்கை விரலால் நோண்டிக்கொண்டிருந்தேன். உடைந்த ஓட்டை எடுத்துப் போட்டுவிட்டுப் புது ஓட்டைக் கையில் வாங்கினார். அவ்வளவுதான் நான் பார்த்தது. அடுத்த கணம் ஏணி ஒரு பக்கம் கிடந்தது, அப்பா ஒரு பக்கம் கிடந்தார். விந்திய மலையெல்லாம் ஏறி இறங்கி ஒரு கீறல் இல்லாமல் வந்த மனிதர், எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து விழுந்துவிட்டார்.

அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அப்பா தரையில் உட்கார்ந்தபடியே இடது கையைத் தூக்கிக் காட்டினார். அதில் அந்தப் புது ஓடு முழுசாக இருந்தது.

"ஓடு தப்பிச்சிருச்சு புள்ளே" என்றார்.

அப்புறம்தான் வலது கையைப் பார்த்தோம். முழங்கைக்குக் கீழே அது வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது.

பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். முழங்கைக்கு மேலிருந்து விரல் கணு வரைக்கும், கோயில் தூண் மாதிரி வெள்ளை வெளேரென்று. எலும்பு இரண்டும் உடைந்திருக்கிறது என்றார் டாக்டர். ஆனி கடைசி வரைக்கும் கட்டு இருக்க வேண்டும். பிரிக்கும்போது கை மெலிந்து போயிருக்கும். பழைய பலம் எவ்வளவு திரும்பும் என்பதை இப்போதே சொல்ல முடியாது.

இன்றைக்கு லாரி ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்புகிறார்கள். அப்போது அப்படியில்லை. லோடு ஏற்றிய வண்டியை ஒரு சந்தில் திருப்ப வேண்டுமென்றால் டிரைவர் சீட்டிலிருந்து பாதி எழுந்து நின்று, தோளும் முதுகும் சேர்த்து இழுப்பார். கை இல்லாவிட்டால் லாரி இல்லை. எங்களுக்குச் சோறு போட்டது அந்தக் கைதான்.

லாரி ஓனர் ஒரு நாள் ரொட்டியும் திராட்சையும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நல்ல மனிதர். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு நெடுநேரம் மழையைப் பற்றியும் கோழித் தீவன விலையைப் பற்றியும் பேசினார். எழுந்திருக்கும்போதுதான் விஷயத்துக்கு வந்தார்.

"வண்டியை நிறுத்தி வெக்க முடியாதப்பா. ராசிபுரத்துப் பையன் ஒருத்தனை ஏத்தி உட்டிருக்கறன். ஆவணியில நம்ம யார்டுக்கு வா. லோடு வண்டியைத் திருப்பிக் காட்டு. திருப்பிட்டீன்னா வண்டி உன்றது."

"திருப்பாட்டிங்க?" என்றார் அப்பா.

ஓனர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கை நல்லாகட்டும், பார்த்துக்கலாம்" என்றபடி செருப்பைத் தேடினார். அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அம்மா அந்த மாவுக்கட்டைச் சாமி சிலை மாதிரி காவல் காக்கத் தொடங்கினாள். அப்பா ஒரு டம்ளரைத் தூக்கக் கூடாது. கதவைத் திறக்கக் கூடாது. காலையில் ஆட்டுக்கால் சூப், மத்தியானம் முட்டை, பொழுது சாய்ந்தால் ராகிக் கஞ்சி. நெஞ்செலும்பையும் காலெலும்பையும் மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவைக்கும் வாசனை எங்கள் தெரு முழுக்கப் பரவி, சூப் கொதிக்கும் நேரத்துக்குச் சரியாக நாய்கள் எங்கள் வாசலில் வந்து படுத்தன.

சாப்பாட்டில்தான் தகராறு வந்தது. அப்பா இடது கையைத் தட்டில் வைத்தார். அம்மா தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பீச்சாங்கையில சோத்தை அள்ளுவீங்களா? புள்ளை பார்த்துட்டு இருக்குது!"

"அப்பொ நான் எதுல திங்கறது புள்ளே? காலுலயா?"

அம்மா ஜவ்வரிசி மில்லில் களத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கிழங்கு மாவின் புளித்த வாசனை அவள் சேலையிலேயே தங்கியிருக்கும். விடிந்தால் கிளம்பிவிடுவாள், மத்தியானச் சோற்றை ஊட்ட அவளால் வர முடியாது. ஆகவே அந்த வேலை எனக்கு வந்தது.

பத்து வயதுப் பெண் தன் அப்பாவுக்குச் சோறு பிசைந்து உருட்டி ஊட்டியதை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் இரண்டு பேருக்குமே வெட்கம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். நான் மூக்கில் கொண்டுபோய் இடித்துவிட்டேன். இரண்டாம் நாள் நான் ஒவ்வொரு உருண்டையையும் லோடு லாரி என்று சொல்லி ஏர்ஹாரன் அடித்துக்கொண்டே கொண்டுபோனேன். அவர் வாயைச் செக்போஸ்ட் மாதிரி மூடிக்கொண்டு, "லோடு என்னங்க? பர்மிட் இருக்குதுங்களா?" என்று கேட்டார். ரசமா, புளிக்குழம்பா என்று சொன்னால்தான் கேட் திறக்கும். அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பதும், தயிருக்கு வெல்லம் கடித்துக்கொள்வார் என்பதும் அந்த வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தன. எங்கள் வீட்டில் மற்ற இரண்டு பேரையும் விட நான் சந்தோஷமாக இருந்தேன். ஆவணி வரக் கூடாது என்று நினைத்தேன்.

ஆனால் ஓட்டிக்கொண்டே இருந்த உடம்பு எத்தனை நாள் சும்மா இருக்கும்? டிரான்சிஸ்டரைப் பிரித்தார், ஒரு கையால் மாட்ட முடியாமல் திரும்ப என் தலையில் கட்டினார். அந்த டிரான்சிஸ்டர் அதற்குப் பிறகு இலங்கை வானொலியை மட்டும்தான் பிடித்தது. பிறகு ஒரு நாள் தெருவிலிருந்த அடிபம்புக்கு என்னோடு வந்தார். நான் இரண்டு கையாலும் தொங்கித் தொங்கி அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "நகரு அம்மிணி" என்று இடது கையால் பிடியைப் பிடித்தார்.

முதலில் அது அவர் சொன்னபடி கேட்கவில்லை. இடது கை அதுவரை ஹாரன் அமுக்கவும் கியர் போடவும் மட்டுமே பழகியிருந்தது. பிடி இறங்கும், ஏறும்போது கோணிக்கொள்ளும். வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டு அடிக்கத் தொடங்கினால் குடங்கள் மளமளவென்று நிறைந்தன. வரிசையே அவருக்காகக் காத்திருக்கும். "உங்கொப்பன் வரலியா சாமி?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் குடத்தைக் கீழே வைப்பார்கள்.

அம்மாவுக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. மில்லிலிருந்து நேராகப் பம்புக்கு வந்தாள். தலைமுடி, புருவம் எல்லாம் மாவு.

"அந்தக் கையில இப்படிச் சத்தைச் செலவு பண்ணுனா ஒடைஞ்ச கைக்கு என்னங்க மிஞ்சும்? ஒரு ஒடம்புல இருக்கறது ஒரு சத்துத்தானே? நான் காச்சி ஊத்தற சூப்பெல்லாம் இந்தத் தெருக்காரங்க குடத்துக்குத்தான் போவுதாக்கும்!"

தெருவே அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. அதுவரை அப்பாவிடம் தண்ணீர் வாங்கிய பெண்கள்கூட, "அக்கா சொல்றது நாயந்தானுங்க" என்றார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. உடம்பு என்பது ஒரு தொட்டி, ஒரு குழாயைத் திறந்தால் இன்னொரு குழாயில் தண்ணீர் குறையும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அப்பா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும், "வா அம்மிணி, உன்ற மாமன் கோழிகளைப் பார்த்துட்டு வரலாம்" என்றார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஊருக்கு வெளியே கம்பிவலை அடித்து ஒரு கோழிப்பண்ணை போட்டிருந்தார். கோழிப்பண்ணை அப்போதுதான் எங்கள் பக்கம் பரவிக்கொண்டிருந்தது. மாமா அதைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் போலப் பேசுவார். கோழிகளுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் வைக்க வேண்டும். அங்கே ஒரு அடிபம்பு இருந்தது. மாமாவுக்கு அதை அடிக்கப் பிடிக்காது.

"மாப்பிளே, உன்ற கோழிக்குத் தண்ணி நான் அடிக்கறன். உங்கக்காகிட்ட மூச்சு உடக் கூடாது" என்றார் அப்பா.

"நான் எதுக்குங்க மச்சான் சொல்றேன்? கோழிக கேட்டாக்கூடச் சொல்ல மாட்டேன்."

இப்படியாக ரகசியம் தொடங்கியது. அப்பா இடது கையால் அடிப்பார். நான் வாளியை இழுத்துக்கொண்டு போய்த் தொட்டிகளில் ஊற்றுவேன். கொட்டகைக்குள் தகரக் கூரையின் சூடும் தீவனத் தூளும் கோழி எச்சத்தின் காரமும் சேர்ந்து கண்ணைக் கரிக்கும். நான் உள்ளே போனால் அத்தனை கோழிகளும் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பிப் பார்க்கும். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அந்தக் கொட்டகையில் ஒரு ஸ்பிரிங் தராசு இருந்தது. வட்ட முகம், பித்தளை விளிம்பு, கீழே ஒரு கொக்கி. தீவன மூட்டை நிறுப்பதற்கு. இப்போது அந்த மாதிரியை எங்கேயும் பார்க்க முடிவதில்லை. ஒரு நாள் அப்பாவுக்குத் தன் கையில் எவ்வளவு பலம் ஏறியிருக்கிறது என்று பார்க்கும் ஆசை வந்தது. தராசைக் கொட்டகைக் கல்தூணின் அடியில் கயிற்றால் கட்டினார்கள். கொக்கியில் ஒரு கட்டையைச் செருகினார்கள். தூணில் காலை உதைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கட்டையை மார்பு வரைக்கும் இழுக்க வேண்டும். முள் போய் நிற்கும் இடத்தில் நான் சாக்பீஸால் கோடு போடுவேன்.

அப்பா இடது கையால் இழுத்தார். முள் வெகுதூரம் போனது. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். வலது கையால் இழுத்தார், ஒரு கோடு. இடது கையால் இழுத்தார், அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு கோடு.

"இப்பொ ரெண்டு கையும் சேர்த்து இழுக்கறன் பாருங்க மச்சான். ரெண்டு கோட்டையும் கூட்டுனா எவ்வளவோ அவ்வளவு வரும். முள்ளு ஒடைஞ்சா நான் பொறுப்பில்லை."

இழுத்தார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. முள் கூட்டுத்தொகைக்குக் கிட்டத்தில்கூட வராமல் முன்னாலேயே நின்றுவிட்டது. மறுபடியும் இழுத்தார். மறுபடியும் அதே இடம்.

"தராசு கெட்டுப்போச்சு!"

ஒரு தீவன மூட்டையை மாட்டி நிறுத்துப் பார்த்தோம். எடை சரியாகக் காட்டியது. மாமா இன்னொரு தடவை இழுத்தார். என்னையும் உட்காரவைத்தார்கள். எனக்கும் அப்படியேதான். வலது தனியாக ஒன்று, இடது தனியாக ஒன்று, சேர்ந்தால் இரண்டையும் கூட்டியதை விடக் குறைவு. மாமா கம்பெனிக்காரனைக் கன்னாபின்னாவென்று திட்டினார். மூட்டையைச் சரியாக நிறுக்கும் தராசு, மனிதர்களை மட்டும் ஏமாற்றுகிறது என்பது அவருடைய தீர்மானம்.

அப்பா மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். "ரெண்டு கிளீனரை ஒரே வண்டியில ஏத்திப் பாரு மாப்பிளே. ஒருத்தன் பார்த்துக்குவான்னு இன்னொருத்தன் அசந்துருவான். கையும் அப்படித்தானாட்ட இருக்குது."

அந்தப் பிசியோதெரபிப் பெண்ணிடம் அடுத்த முறை இதைக் கேட்டேன். தராசு பொய் சொல்லவில்லையாம். இரண்டு கையும் ஒரே சமயத்தில் முழு மூச்சோடு இழுத்தால், பலருக்குத் தனித்தனியாக இழுத்ததன் கூட்டுத்தொகை வராதாம். மூளை தன் முழு உத்தரவையும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அனுப்புவதில்லை என்று சொல்கிறார்களாம். இரண்டு கையையும் சேர்த்தே பழக்கினால் அந்தக் குறை சிறுகச் சிறுக மறையுமாம். மாமா இப்போது இல்லை. இருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன். ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஆனி பாதியில், பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில், எங்கள் ரகசியம் உடைந்தது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமன் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போது அம்மா அப்பாவுக்குச் சட்டை போட்டுவிட்டாள். வலது கை பக்கம் மாவுக்கட்டுக்காகத் தையல் பிரித்து விட்டிருந்தது. இடது கையை உள்ளே நுழைத்தபோது சட்டைக் கை தோளருகே டர்ரென்று கிழிந்தது.

அம்மா கிழிந்த இடத்தைப் பார்த்தாள். அப்பாவின் புஜத்தைப் பார்த்தாள். இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து அளந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"கோழிப்பண்ணையா?"

அப்பா, "ஆமா புள்ளே" என்றார்.

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தோம். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிழிந்த சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே அழுதாள்.

"ஏணி மேல ஏத்துனவ நானு. ரெண்டு ஓட்டுக்காக உங்க கையை ஒடைச்சவ நானு. ஆவணியில அந்த வண்டி திரும்பாட்டி ஊரே என்னையத்தான் பார்க்கும். நீங்க எதுவும் சொல்ல மாட்டீங்க. அதுதானுங்க எனக்குத் தாங்க மாட்டேங்குது."

அம்மா கோபக்காரி என்றே அதுவரை நினைத்திருந்தேன். சூப்பும் காவலும் வசவும் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று அப்போது கொஞ்சம் புரிந்தது. முழுதாகப் புரிய எனக்குக் கல்யாணமாகிக் குடும்பம் ஆகவேண்டியிருந்தது.

அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நம்ம ஊட்டு ஓட்டை நானு மாத்தாம வேற எவன் மாத்துவான்? ஏணி வழுக்குச்சு. நீயா வழுக்கி உட்ட?" என்றார். அப்புறம், "சும்மா உக்காந்தா எனக்குப் பயமா இருக்குது புள்ளே. அந்தப் பம்பை அடிக்கறப்பத்தான் கை வந்துரும்னு தோணுது" என்றார். அப்பாவுக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மறுநாளிலிருந்து சூப்பில் இன்னொரு எலும்பு சேர்ந்தது. ரெண்டு கைக்கும் போதுமான அளவு காய்ச்சுகிறாளாம்.

ஆனி கடைசியில் கட்டைப் பிரித்தார்கள். பெரிய கத்திரிக்கோலால் நெரித்து நெரித்து வெட்டியபோது எனக்குப் பல் கூசியது. உள்ளே இருந்து வந்த கை அப்பாவுடையது மாதிரியே இல்லை. வெளுத்து, தோல் உரிந்து, உரித்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி இருந்தது. ஊறிப்போன துணியின் வாசனை. அம்மா முந்தானையைக் கசக்கினாள்.

டாக்டர் தன் இரண்டு விரலை நீட்டி, "இதை அமுக்குங்க" என்றார். அப்பா அமுக்கினார். டாக்டர் விரலை உதறிக்கொண்டார்.

"அடேயப்பா. இவ்வளவு இருக்குமுன்னு நான் நினைக்கலை. பார்க்க மெலிஞ்சிருக்கு, ஆனா பிடிப்பு இருக்கு. என்ன பண்ணுனீங்க?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "நல்லாக் கவனிச்சிருக்கீங்கம்மா. சாப்பாடு என்ன குடுத்தீங்க?"

"ஆட்டுக்கால் சூப்புங்க" என்றாள் அம்மா. அவள் முகம் பூத்ததை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். "தெனமும் காச்சுனனுங்க."

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பம்பு விஷயத்தை அப்புறமும் அவர் சொல்லவே இல்லை. எங்கள் பக்கத்தில் யாருக்கு எலும்பு முறிந்தாலும் அம்மாவிடம் பக்குவம் கேட்டு வருவார்கள். மிளகு எவ்வளவு, எத்தனை கொதி என்று அம்மா விவரமாகச் சொல்வாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டுவார். இன்றைக்கு யோசித்தால் சூப்புக்கும் ஏதாவது பங்கு இருக்கத்தான் வேண்டும். எலும்பு கூடுவதற்குச் சத்து வேண்டாமா? மூளைக்கும் அடிபம்புக்கும் மட்டும் எல்லாப் பெருமையையும் கொடுக்க நானும் தயாராக இல்லை.

ஆடி முழுக்க வலது கைக்கு வேலை. இந்த முறை தெருப் பம்பில், வெளிப்படையாக. அம்மாவே குடங்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஆவணி பிறந்ததும் மூன்று பேரும் ஓனருடைய யார்டுக்குப் போனோம். அம்மா அன்றைக்கு மில்லுக்கு லீவு போட்டிருந்தாள்.

யார்டில் அந்த லாரி ஜவ்வரிசி மூட்டை லோடோடு நின்றது. பின்னால் சுவர், ஒரு பக்கம் வேப்பமரம், ஒரு பக்கம் பழைய டயர்க் குவியல். அந்த இடத்துக்குள் வண்டியின் முகத்தைக் கேட் பக்கம் திருப்ப வேண்டும். ராசிபுரத்துக்காரரும் கிளீனர்களும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்பா ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.

இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரே மூச்சில் இழுத்தார். அது கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. ஓனர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் என் மணிக்கட்டில் பதிந்தது.

அப்பா கையை எடுத்துவிட்டார். வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்தார். வண்டியை ஒரு சாண் உருளவிட்டுக்கொண்டே, இடது கையால் மட்டும் ஸ்டியரிங்கை மேலேயிருந்து கீழே இழுத்தார். அது இறங்கிய இடத்தில் வலது கை பிடித்து நிறுத்திக்கொண்டது. இடது கை மறுபடி மேலே போனது. அடுத்த இழுப்பு வலது கையுடையது; சின்ன இழுப்பு. பிறகு இடது. பிறகு வலது. அவசரமே இல்லை. டயர் மண்ணை அரைக்கும் சத்தத்தோடு அத்தனை பெரிய வண்டியின் முகம் மெதுவாக எங்கள் பக்கம் திரும்பியது. சுவரிலும் படவில்லை, வேப்பமரத்திலும் படவில்லை. நேராகக் கேட்டைப் பார்த்து வந்து நின்றது. கிளீனர்கள் விசில் அடித்தார்கள். ராசிபுரத்துக்காரரும்தான்.

எனக்குச் சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக வந்தன. வண்டி திரும்பிவிட்டது. அப்பா போய்விடுவார்.

ஓனர் சாவியை நீட்டினார். "திங்கக்கெழமை கான்பூர் லோடு இருக்குது. ஏறிக்க."

அப்பா சாவியை வாங்கவில்லை. "வடக்கு லைன் அந்தத் தம்பியே ஓட்டட்டுமுங்கண்ணா. எனக்குக் கொச்சி லைன் குடுத்துருங்க."

ஓனர் முழித்தார். "அது குட்டி லைனப்பா. வடக்கே போற அளவுக்கு அதுல கெடைக்காதே."

"தெரியுமுங்க."

"கை வலிக்குமுன்னு பார்க்கறியா?"

"கையெல்லாம் நல்லா இருக்குதுங்க" என்றார் அப்பா. "ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஊட்டுக்கு வந்துரலாம், அதுக்குத்தானுங்க."

இதை அவர் எங்களிடம் முன்னால் சொல்லவே இல்லை. அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓனர் உள்ளே போய் வேறு சாவி ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார்.

திரும்பும் வழியில் சந்தைக்குப் போனோம். அம்மா வழக்கத்துக்கு மாறாகக் கத்தரிக்காய்க் கடையைத் தாண்டிப் போனாள். பூசணி வாங்கினாள், தேங்காய் வாங்கினாள், வாழைப்பழம் இரண்டு சீப்பு வாங்கினாள். பை புடைத்துக்கொண்டது. மாவுக்கட்டு இருந்தவரை அவரை ஒரு டம்ளர்கூடத் தூக்க விடாமல் வைத்திருந்தவள், அந்தக் கனத்த பையைக் கொண்டுபோய் அப்பாவின் வலது கையில் கொடுத்தாள்.

"புடிங்க" என்றாள். "எனக்குக் கை வலிக்குது."

அப்பா பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.